ஈசூன் வீட்டுக்கு ஐரோப்பிய வெயில் எதற்கு? பிளெண்டர் சைக்கிள்ஸ்: ஒரு மதிப்புரை

புதுப்பிப்பு நிறுவனங்கள் வாடிக்கையாளரிடம் நீட்டும் உள்வடிவமைப்புப் படங்களில் பெரும்பாலானவை பொய் சொல்கின்றன. சோபாவோ அலமாரியோ பொய்யில்லை, வெயில்தான் பொய். நண்பகல் காட்சி என்பார்கள். ஆனால் வரவேற்பறையின் கடைசிச் சுவர் வரை தரையில் வெயில் நீண்டு கிடக்கும். சூரியன் தாழ்ந்து நிற்கும் ஐரோப்பாவில் அது நடக்கலாம், சிங்கப்பூரில் நடக்காது. நிலநடுக்கோட்டிலிருந்து ஒன்றரைப் பாகைகூடத் தள்ளியிராத ஊர் இது. உச்சிவேளைச் சூரியன் மிகவும் தாழ்ந்து நிற்கும் டிசம்பரில்கூட அதன் உயரம் ஏறத்தாழ 65 பாகை. சன்னலின் மேல்விளிம்பு தரையிலிருந்து 2.4 மீட்டரில் இருந்தால், அந்த வெயில் உள்ளே எட்டுவது ஒரு மீட்டரும் சொச்சமும்தான். வெளியே ஒரு வெயில்மறைப்பு இருந்துவிட்டால் அதுவும் இல்லை.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடுகளுக்கு இத்தகைய படங்கள் செய்து பிழைப்பவன் நான். பிளெண்டர் என்ற முப்பரிமாண வரைகலை மென்பொருளோடு வரும் சைக்கிள்ஸ் என்ற ரெண்டர் பொறியை, அதாவது முப்பரிமாண மாதிரியைப் படமாக்கித் தரும் பகுதியை, இந்தக் கண்ணோடுதான் எடைபோடுகிறேன். பளபளப்பான படங்களை எந்த மென்பொருளும் தரும். நம் ஊர் வெளிச்சத்தை ஒழுங்காகக் கணக்குப் போடுமா என்பதே என் கேள்வி. போடுகிறது. அதுவும் இலவசமாக.

பிளெண்டர் 2002இல் திறமூல மென்பொருளாயிற்று. சைக்கிள்ஸ் 2011இல் 2.61 பதிப்போடு வந்து சேர்ந்தது. கேமராவிலிருந்து கதிர்களை அனுப்பி, அவை எங்கெங்கே பட்டுத் தெறித்து எந்த விளக்கில் போய் முடிகின்றன என்று தேடிக் கணக்கிடுவது அதன் முறை. நம் அடுக்குமாடி வீடுகளுக்கு இதன் அருமை அதிகம். தாழ்வாரத்தைப் பார்த்த அறையில் நேர் வெயில் ஏது? எதிர்ப் புளோக்கின் சுவரிலும் தாழ்வாரக் கூரையிலும் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தில்தான் அந்த அறை பிழைக்கிறது. ஆகவே ஒவ்வொரு காட்சியிலும் சன்னலுக்கு வெளியே எதிர்ப் புளோக்கை ஒரு வெறும் பெட்டியாகவாவது நிறுத்திவிடுவேன். அதன் சுவருக்குச் சரியான நிறத்தையும் கொடுத்துவிட்டால் அறையின் தொனியே மாறிவிடுகிறது. வெறும் வானத்தை மட்டும் வெளியே விட்டு ரெண்டர் செய்பவர்களின் படங்களில் அறைகள் ஏன் மிதப்பதுபோல் இருக்கின்றன என்பதற்கு இதுவே பாதிக் காரணம்.

சூரியனை நிறுத்த 'சன் பொசிஷன்' என்ற துணைநிரல் இருக்கிறது. அகலக்கோடு 1.35, நெடுங்கோடு 103.8, நேர மண்டலம் எட்டு என்று கொடுத்து, தேதியையும் மணியையும் சொன்னால் போதும். இங்கே ஒரு நுட்பம் உண்டு. நம் கடிகாரம் சூரியனைவிட ஒரு மணி நேரத்துக்கும் மேல் முந்தி ஓடுகிறது. பகல் பன்னிரண்டு மணிக்குச் சூரியன் இன்னும் கிழக்கே சற்றுச் சாய்ந்தே இருக்கும். உச்சிக்கு வருவது ஒரு மணியளவில்தான். கையால் சூரியனைத் திருப்பி வைப்பவர்களுக்கு இது பிடிபடுவதில்லை.

இரவுக் காட்சி இன்னொரு சங்கதி. விளக்கின் நிறத்தை, விளக்குப் பெட்டியில் இருப்பதுபோல் கெல்வின் என்ற நிற வெப்பநிலை அலகிலேயே கொடுக்கலாம்: மஞ்சள் கலந்த 3000, நடுநிலையான 4000, அம்மாக்கள் சமையலறைக்கு விடாப்பிடியாகக் கேட்கும் பளிச்சென்ற வெள்ளை 6500. விளக்குத் தயாரிப்பாளர்கள் வெளியிடும் ஐஇஎஸ் கோப்பு இருந்தால், அந்த விளக்கு சுவரில் எந்த வடிவத்தில் ஒளியை வீசும் என்பதுகூட அப்படியே வந்துவிடும். கோப்பு இல்லாத விளக்கா? பாலஸ்டியர் சாலை விளக்குக் கடைகளில் ஏறி இறங்கி, எரிகிற விளக்கின் கீழே கையை நீட்டிப் பார்ப்பதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். விளக்குப் பெட்டியில் 9 வாட் என்று இருப்பது அது இழுக்கும் மின்சாரம்; பிளெண்டர் கேட்கும் வாட் என்பது வெளிவரும் ஒளியின் ஆற்றல். அந்த எண்ணை அப்படியே தட்டினால் எதுவும் பொருந்தாது.

பொய்க்கூரையின் ஓரத்தில் ஒளித்து வைக்கும் எல்இடி பட்டைதான் முன்பெல்லாம் படத்தைக் கெடுக்கும். மஞ்சள் ஒளி மிகையாகி, கூரை ஓரம் ஆரஞ்சுக் கோடாக எரியும். 2023இல் வந்த 4.0 பதிப்பில் ஏஜிஎக்ஸ் என்ற நிறமாற்ற முறை இயல்பு நிலையானது. மிகையான ஒளி இப்போது நிறம் வெளுத்து, கேமராவில் எடுத்த படத்தில் போலவே வெள்ளையை நோக்கிப் போகிறது. எனக்கு இந்த மென்பொருளில் மிகவும் பிடித்த மாற்றம் இதுதான். பகல் படத்தில் சன்னல் கொஞ்சம் வெளுத்துப் போகட்டும் என்று விட்டுவிடவும் இது துணிவு தருகிறது. அறையும் வெளியும் ஒரே தெளிவில் தெரியும் படத்தை யார் கண் நம்பும்?

பொருள்களைப் பற்றிச் சுருக்கமாக: சுவர் வெள்ளையை முழு வெள்ளையாக வைக்கக்கூடாது, எண்பது விழுக்காட்டுக்கு மேல் போனால் அறை பாலில் மூழ்கிவிடும். அலமாரி விளிம்புகளுக்குப் பெவல் கணுவை (விளிம்பை வளைந்ததுபோல் காட்டும் அமைப்பை) போட்டு இம்மியளவு மழுக்கினால் விளிம்பில் ஒளி பிடிக்கும்.

குறையில்லாமல் இல்லை. சன்னலில் கண்ணாடி வைத்தால், அதனூடே வரும் ஒளியைத் தேடுவது இந்த வகைப் பொறிகளுக்கே கடினம். படம் முழுக்கப் புள்ளிகள் மொய்க்கும். கேமராவுக்குத் தெரியாத சன்னலில் கண்ணாடியையே வைக்காமல் விடுவது என் வழக்கம். பூஜை அலமாரியில் பித்தளைக் குத்துவிளக்கை ஏற்றினால், சிறு சுடரும் வளைந்த உலோகமும் சேர்ந்து அதே தொல்லை. இன்டெல் நிறுவனத்தின் புள்ளி நீக்கி 2019 முதல் உள்ளேயே இருக்கிறது, நன்றாகவும் வேலை செய்கிறது. ஆனால் மாதிரி எண்ணிக்கையை (ஒவ்வொரு பிக்சலுக்கும் கதிர் அனுப்பிப் பார்க்கும் தடவைகளை) குறைத்துவிட்டு அதை மட்டும் நம்பினால் தேக்கு ரேகையும் பட்டுத் திண்டின் நெசவும் மெழுகு பூசியதுபோல் வழவழத்துவிடும். நல்ல கிராபிக்ஸ் அட்டை இல்லாதவர்கள் பொறுமையை மூலதனமாகப் போட வேண்டும். வாடிக்கையாளர் எதிரில் அமர்ந்திருக்க, அப்போதே சுவர் நிறத்தை மாற்றிக் காட்டுவதுதான் உங்கள் வேலை என்றால் என்ஸ்கேப், டி5 ரெண்டர் போன்ற உடனுக்குடன் படம் காட்டும் மென்பொருள்களைப் பாருங்கள். சைக்கிள்ஸ் அதற்கான கருவி அல்ல.

ஈசூனில் ஒரு நாலறை வீட்டுக்குச் செய்த படங்களை அந்த வீட்டு அம்மாவிடம் காட்டினேன். வரவேற்பறையைப் பார்த்து எதுவும் சொல்லவில்லை. காலைச் சமையலறைப் படத்தில் நின்றுவிட்டார். மேற்கே பார்த்த சமையலறை, துணி காயப்போடும் இடம் வழியாகத்தான் வெளிச்சம் வர வேண்டும். "தம்பி, காலையில் என் அடுப்படி இப்படித்தான் இருட்டாக இருக்கும். நான் காய் நறுக்குவது அந்த மூலையில்தான்" என்றார். வரவேற்பறைக்குத் திட்டமிட்டிருந்த பொய்க்கூரை விளக்கில் பாதியைக் குறைத்து, அந்தப் பணத்தில் மேலலமாரிக்கு அடியில் ஒரு பட்டை விளக்குப் போட்டுத் தரச் சொன்னார். 4000 கெல்வினில் ஒரு படமும் 6500இல் ஒரு படமும் அனுப்பியிருக்கிறேன். 6500 என்றுதான் பதில் வரும்.