கிரிப்டோ டொமைன்களுக்கான ஏலச் சந்தை: ஒரு விற்பனையாளரின் மதிப்பீடு

கிரிப்டோ நாணயங்கள் தொடர்பான சொற்களைக் கொண்ட ஏழு டொமைன் பெயர்களை, அதாவது இணையதள முகவரிகளை, இணைய ஏலச் சந்தை ஒன்றில் பட்டியலிட்டு, பதினான்கு மாதங்களில் அவற்றுள் மூன்றை ஏலத்தில் விற்ற அனுபவத்தின் அடிப்படையில் இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். சந்தையின் பெயரைக் குறிப்பிடவில்லை. குறை சொல்லும் இடங்கள் இதில் இருக்கின்றன. நான் குறை காணும் விதிகளும் அந்த ஒரு நிறுவனத்துக்கு மட்டும் உரியவை என்று சொல்ல முடியாது. இத்தகைய சேவைகளை மதிப்பிடுபவர்கள் வழக்கமாகத் தரகுத் தொகையையும், பணம் கைக்கு வர ஆகும் நாட்களையும் ஒப்பிடுவார்கள். அவற்றையும் சொல்கிறேன். ஆனால் நான் முக்கியமாகப் பார்த்தது வேறொன்று: ஏலத்தில் இரண்டாம் இடத்தில் நின்றவரை அந்தச் சேவை எப்படி நடத்துகிறது என்பது.

இந்த வகைப் பெயர்களின் விலையில் நிலையான அளவுகோல் எதுவும் இல்லை. ஈதர் நாணயத்தின் சுருக்கப் பெயரைக் கொண்ட ஈத் டாட் காம் 2017இல் 20 லட்சம் டாலருக்கு விற்றது. வாய்ஸ் டாட் காம் என்ற, கிரிப்டோவுடன் நேரடித் தொடர்பே இல்லாத ஒரு சாதாரண ஆங்கிலச் சொல்லை, பிளாக் டாட் ஒன் என்ற பிளாக்செயின் (கிரிப்டோ நாணயங்களுக்கு அடிப்படையான பகிர்பதிவேட்டுத் தொழில்நுட்பம்) நிறுவனம் 2019இல் 3 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. பிளாக்செயினில் உரிமை பதிவாகும் தனித்துவமான மின்னணு வில்லைகளான என்எஃப்டிகளின் வணிகம் சரிந்துகொண்டிருந்த 2022இல் என்எஃப்டிஸ் டாட் காம் 1.5 கோடி டாலருக்குக் கைமாறியது. கிரிப்டோ டாட் காம் பெயரை 1993இல் பதிவு செய்தவர் மறையீட்டியல் (தகவலைப் பிறர் படிக்க முடியாதபடி மறைக்கும் துறை) ஆய்வாளரான மேட் பிளேஸ். அப்போது அந்தச் சொல் மறையீட்டியலை மட்டுமே குறித்தது. அவர் பல ஆண்டுகள் விற்க மறுத்து, 2018இல்தான் அதை விற்றார். இந்தப் பெருந்தொகைகளை நினைத்துக்கொண்டு பட்டியலிட வருபவர்கள்தான் அதிகம். என்னுடையவை போன்ற இரண்டு சொல் சேர்க்கைகள் சில நூறு டாலரிலிருந்து சில ஆயிரம் டாலர் வரைதான் போகும், பெரும்பாலானவை போவதே இல்லை. ஆகவே கேட்பவர்களுக்கும் விலை தெரியாது, விற்பவருக்கும் தெரியாது. பின்னால் சொல்லப்போகும் சிக்கலுக்கு வேர் இதுதான் என்பதால் இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

பட்டியலிடும் முறை ஒழுங்காக இருக்கிறது. பெயர் நம்முடையதுதான் என்பதை மெய்ப்பிக்க, சந்தை தரும் ஒரு குறியீட்டை, அந்தப் பெயர் எந்தக் கணினிக்கு இட்டுச்செல்கிறது என்பதைச் சொல்லும் டிஎன்எஸ் பதிவில் சேர்க்க வேண்டும். அரை மணி நேரத்தில் அது சரிபார்க்கப்பட்டுவிடுகிறது. புதிதாகப் பதிவு செய்த பெயரையும், அண்மையில் ஒரு பதிவாளர் நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிய பெயரையும் 60 நாட்களுக்கு வேறு பதிவாளரிடம் மாற்ற முடியாமல் போகலாம் என்ற எச்சரிக்கையை, ஏலம் தொடங்குவதற்கு முன்பே திரையில் காட்டுகிறார்கள். வாங்கியவர் பணத்தைக் கட்டிவிட்டு இரண்டு மாதம் காத்திருக்க நேர்ந்தால் அவருக்கு வரக்கூடிய கோபத்தை எண்ணிப் பார்த்தால், இந்த ஒரு வரி எச்சரிக்கையின் மதிப்பு புரியும்.

வணிகச் சின்னங்களின் பக்கம்தான் கவனம் போதவில்லை. பெயர் பெற்ற கிரிப்டோ பரிமாற்றகங்கள், கிரிப்டோ பணப்பைச் செயலிகள் ஆகியவற்றின் சின்னங்களோடு ஒரு சொல்லை ஒட்டிச் செய்த பெயர்கள் அங்கே தாராளமாக ஏலத்துக்கு வருகின்றன. டொமைன் பெயர்த் தகராறுகளுக்காக 1999 முதல் நடைமுறையில் உள்ள யுடிஆர்பி என்ற தீர்வு முறைப்படி, ஒரு பெயர் சின்னத்தோடு குழப்பம் தரும் அளவுக்கு ஒத்திருப்பதையும், வைத்திருப்பவருக்கு அதில் நியாயமான உரிமை இல்லாததையும், அது தீய நோக்கத்தோடு பதிவு செய்யப்பட்டுப் பயன்படுத்தப்படுவதையும் சின்னத்தின் உரிமையாளர் மெய்ப்பித்தால், பெயரை இழக்க வேண்டியதுதான்; ஏலத்தில் கொடுத்த தொகையை அந்தத் தீர்வு முறை மீட்டுத் தராது. இத்தகைய பெயரை விற்பவரை விட, அதை ஏலம் விட அனுமதித்துத் தரகு பெறும் சந்தையிடமே நான் அதிகக் குறை காண்கிறேன்.

இனி ஏலம் நடக்கும் விதம். கேட்பவர் தாம் தரக்கூடிய உச்சத் தொகையை ஒருமுறை பதிந்துவிட்டால், மற்றவர்கள் கேட்கக் கேட்க, அந்த உச்சம் வரை அமைப்பே அவர் சார்பில் ஏற்றிக் கேட்கும். அந்த உச்சத் தொகை விற்பவருக்குத் தெரியாது, தெரியக் கூடாது. என் கணக்கின் எல்லாப் பக்கங்களையும் துருவிப் பார்த்தும் அதை அறிய வழியில்லை என்பதை மனநிறைவோடு குறித்துக்கொண்டேன். கடைசி ஐந்து நிமிடத்தில் யாராவது கேட்டால், ஏலம் மேலும் ஐந்து நிமிடம் நீள்கிறது. ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம் என்று கூவி முடிக்கும் ஏலத்தில் இடையில் குரல் எழுந்தால் மறுபடி ஒரு தரத்திலிருந்து தொடங்குவதைப் போன்றதே இது. இந்த நீட்டிப்பு இல்லாவிட்டால், கடைசி விநாடியில் நிரலை வைத்துக் கேட்பவர்களே வெல்வார்கள். பெயரை அதிகம் மதிப்பவர் அல்ல, வேகமான இணைப்பு உள்ளவர் எடுத்துக்கொண்டு போவார். குறைந்தபட்ச விலையை மறைத்து வைக்கும் வசதியும் உண்டு. அது எட்டப்பட்டதா இல்லையா என்பதை மட்டும் கேட்பவர்களுக்குக் காட்டுகிறார்கள்.

முதல் பெயர் வம்பில்லாமல் விற்றது. இரண்டாவதில்தான் இந்தச் சேவையின் உண்மையான குணம் தெரிந்தது.

அந்தப் பெயருக்கு நான் வைத்த குறைந்தபட்ச விலை 2,000 டாலர். ஒவ்வொரு முறையும் 100 டாலர் ஏற்றிக் கேட்க வேண்டும். மூன்று பேர் போட்டியிட்டார்கள். ஒருவர் 1,400 டாலரோடு விலகிக்கொண்டார். மற்ற இருவரும் விடாமல் ஏற்றிக்கொண்டே போய், ஒருவர் 3,900 டாலரில் நிற்க, இன்னொருவர் 4,000 டாலருக்கு வென்றார். வென்றவர் பணம் கட்டவில்லை. ஏழு நாள் கெடு முடிந்ததும் சந்தை அவருடைய கணக்கை முடக்கியது. அது சரிதான். அடுத்த நிமிடமே, என்னிடம் ஒரு சொல்லும் கேட்காமல், இரண்டாமவருக்கு ஒரு மின்னஞ்சல் போனது: நீங்கள் கடைசியாகக் கேட்ட 3,900 டாலருக்குப் பெயரை எடுத்துக்கொள்ளலாம், 48 மணி நேரத்துக்குள் முடிவைச் சொல்லுங்கள்.

அந்த மின்னஞ்சலின் நகலைப் பார்த்ததும் எனக்கு மகிழ்ச்சிதான் ஏற்பட்டது என்பதை மறைக்க விரும்பவில்லை. நூறு டாலர்தானே குறைகிறது என்று எண்ணினேன். பிறகுதான் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். பணம் கட்டாமல் போனவர் ஏலத்தில் இல்லவே இல்லை என்று வைத்துக்கொண்டால், இரண்டாமவருக்கு எதிரில் இருந்தவர் 1,400 டாலரில் நின்றவர் மட்டுமே. அவரைத் தாண்ட 1,500 போதும்; என் குறைந்தபட்ச விலை 2,000 என்பதால் பெயர் 2,000 டாலருக்கு முடிந்திருக்கும். எஞ்சிய 1,900 டாலரை உண்டாக்கியது, கட்டும் எண்ணமே இல்லாத ஒருவர் ஆடிய ஆட்டம். அந்தப் பணத்தை நான் வாங்கிக்கொண்டால், அது நானே ஒரு பினாமியை நிறுத்தி விலையை ஏற்றிவிட்டதிலிருந்து விளைவில் எவ்வகையிலும் வேறுபடாது.

இரண்டாமவர் தாமாகத்தானே 3,900 வரை கேட்டார், அந்த மதிப்பை அவர் ஒப்புக்கொண்டுதானே கேட்டார் என்று சந்தையின் ஆதரவுப் பிரிவு எனக்குப் பதில் எழுதியது. ஏலத்தில் விடுவது எல்லாரும் விலை அறிந்த பண்டமாக இருந்தால் இந்த வாதத்தில் ஓரளவு பொருள் உண்டு. கிரிப்டோ பெயர்களில் அது செல்லாது. எதிரில் இருப்பவர் 3,800 தரத் தயாராக இருக்கிறார் என்பதே அந்தப் பெயருக்கு 3,800 பெறுமானம் உண்டு என்பதற்கான, கேட்பவரிடம் இருக்கும் ஏறக்குறைய ஒரே சான்று. அந்தச் சான்று பொய்யென்று தெரிந்த பிறகும், அதை நம்பிச் சொன்ன விலைக்கே அவரைக் கட்டிப்போடுவது, பொய் எடைக்கல்லை வைத்து நிறுத்துவிட்டு, தட்டின் முள் சரியாகத்தான் நின்றது என்று வாதிடுவதைப் போன்றது.

2,000 டாலருக்கே அவருக்குத் தர முன்வருவதாக நான் எழுதியதற்கு, அமைப்பில் அதற்கு வழியில்லை, வேண்டுமானால் மறு ஏலம் விடலாம் என்று ஐந்து நாள் கழித்து மறுமொழி வந்தது. அதற்குள் 48 மணி நேரக் கெடு கடந்திருந்தது. இரண்டாமவரும் பதில் சொல்லவில்லை. மறு ஏலத்தில் பெயர் 2,300 டாலருக்குப் போனது. கேட்பவர்களின் பெயர்கள் மறைக்கப்பட்டிருப்பதால், வாங்கியவர் அவர்தானா என்பதை அறிய முடியவில்லை.

இதற்கு மாற்று கடினமான ஒன்றல்ல. பணம் கட்டாதவருடைய எல்லா ஏலத்தொகைகளையும் நீக்கிவிட்டு, பதிவாகியுள்ள மற்ற உச்சத் தொகைகளை வைத்து விலையை மீண்டும் கணக்கிட்டு, அந்த விலையை இரண்டாமவருக்குச் சொல்லலாம். தேவையான எண்கள் எல்லாம் சந்தையின் கையிலேயே இருக்கின்றன. அதைவிட நல்லது, கேட்பவரிடம் முன்கூட்டியே வைப்புத் தொகை பெறுவது. இந்தச் சந்தையில் 5,000 டாலருக்கு மேல் கேட்பவர்களிடம் மட்டுமே அடையாளச் சான்று கேட்கிறார்கள். அதற்குக் கீழே ஒரு மின்னஞ்சல் முகவரி இருந்தால் போதும். ஏலத்தைக் குலைக்க நினைப்பவருக்கு இது திறந்த வாசல்.

வைப்புத் தொகை நடைமுறைக்கு ஒவ்வாதது என்று சொல்பவர்களுக்கு, ஈதீரியம் என்ற பிளாக்செயினில் இயங்கும் ஈதீரியம் பெயர்ச் சேவை 2017இல் டாட் ஈத் என்று முடியும் பெயர்களை வழங்கிய விதத்தை நினைவூட்டலாம். அங்கே தொகையை மூடிய உறையில் இடுவது போல் மறைத்துக் கேட்க வேண்டும். கேட்கும்போதே பணத்தையும் பூட்டி வைக்க வேண்டும். மூன்று நாள் கேட்பதற்கு, இரண்டு நாள் வெளிப்படுத்துவதற்கு. வென்றவர் இரண்டாவது உயர்ந்த தொகையை மட்டுமே செலுத்துவார்; பொருளியலாளர் வில்லியம் விக்ரி 1961இல் ஆராய்ந்து எழுதிய முறை இது. தம் தொகையை வெளிப்படுத்தத் தவறியவர் பூட்டிய பணத்தின் பெரும்பகுதியை இழந்தார். சாதாரணப் பயனர்களுக்கு அது சிக்கலாக இருந்தது என்பதும், பின்னர் அந்த முறை கைவிடப்பட்டது என்பதும் உண்மை. ஆனால் வென்றுவிட்டுப் பணம் கட்டாமல் மறைவது என்ற சிக்கலுக்கு அங்கே இடமே இல்லை.

பிளாக்செயினில் நடப்பதால் மட்டும் ஏலம் நேர்மையாகிவிடாது என்பதற்கும் அதே சேவையில்தான் சான்று இருக்கிறது. 2019இல் குறுகிய டாட் ஈத் பெயர்களின் ஏலம் ஓப்பன்சீ என்ற என்எஃப்டி விற்பனைத் தளத்தில் நடந்தபோது, மென்பொருள் குறைபாட்டால் ஆப்பிள் டாட் ஈத் உள்ளிட்ட சில பெயர்கள் உரியவரல்லாத ஒருவருக்குப் போய்ச் சேர்ந்தன. பதிவானதைத் திரும்பப் பறிக்க வழியில்லாததால், திருப்பித் தந்தால் கூடுதல் தொகை தருகிறோம் என்று கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று.

ஒரே நிறுவனம் நடத்தும் மையப்படுத்தப்பட்ட சந்தைகளில் அச்சம் வேறு வகையானது. காலாவதியான பெயர்களை ஏலம் விடும் ஸ்னாப்நேம்ஸ், தன் ஊழியர் ஒருவரே 2005 முதல் வேறு பெயரில் ஏலங்களில் கலந்துகொண்டு விலையை ஏற்றியிருந்ததை 2009இல் தானே வெளியிட்டு, கூடுதலாகக் கொடுத்தவர்களுக்கு வட்டியோடு ஈடு தர முன்வந்தது. அதை அறிந்தவன் என்ற முறையில், ஊழியர்கள் ஏலம் கேட்கத் தடை உண்டா என்று என் சந்தையின் விதிகளில் தேடினேன். தடை தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் முடிந்த ஏலத்தின் முழு வரலாற்றை முப்பது நாட்களுக்குப் பிறகு யாரும் பார்க்க முடியாதபடி அகற்றிவிடுகிறார்கள். தடை மீறப்பட்டால் வெளியில் இருப்பவர் எதைக் கொண்டு கண்டுபிடிப்பார் என்பதற்கு விதிகளில் விடையில்லை.

பணமும் பெயரும் கைமாறும் கட்டத்தில் குறை சொல்ல அதிகம் இல்லை. வாங்குபவரின் பணம், கைமாற்றம் முடியும் வரை இடையில் வைத்திருக்கும் எஸ்க்ரோ கணக்கில் சேர்ந்த பிறகே, பெயர் மாற்றத்தைத் தடுக்கும் பூட்டை நீக்கி, மாற்றத்துக்குத் தேவையான அங்கீகாரக் குறியீட்டைக் கொடுக்கச் சொல்கிறார்கள். பெயர் தம் கணக்குக்கு வந்ததை அவர் உறுதி செய்ததும் எனக்குப் பணம் விடுவிக்கப்படுகிறது. மூன்று விற்பனைகளிலும் ஒன்பது நாட்களுக்கு மேல் ஆகவில்லை. கிரிப்டோவில் செலுத்துபவருக்கு டாலர் விலையை 15 நிமிடங்களுக்கு மட்டும் நிலைநிறுத்தி, அதற்குள் செலுத்தாவிட்டால் புதிய மாற்று விகிதத்தைக் காட்டுகிறார்கள். சந்தை ஏறி இறங்கும் வேகத்துக்கு இது இரு தரப்புக்கும் பொருத்தமானது. தரகு 15 சதவீதம். செய்யும் வேலைக்குச் சற்று அதிகம்.

எஞ்சிய நான்கு பெயர்களில் மூன்றை நிலை விலைக்கு மாற்றிவிட்டேன். ஒரே ஒருவர் மட்டும் விரும்பக்கூடிய பெயருக்கு ஏலம் தேவையில்லை. விலையைச் சொல்லிக் காத்திருந்தால் போதும். நான்காவதற்குப் போட்டி வரும் என்று நம்புகிறேன். அதை அங்கேயே ஏலம் விடப் போவதாயினும், பணம் கட்டாதவரின் தொகைகளை நீக்கிக் கணக்கிட்ட விலைக்கே இரண்டாமவருக்குத் தருவேன் என்று விவரப் பகுதியில் எழுதி வைக்க அனுமதி கேட்டிருக்கிறேன். பதில் வரும் வரை அந்தப் பெயரை மறுபடி ஏலப் பட்டியலில் சேர்க்கவில்லை.