3 கிலோவாட் ரெடிமேட் டிசிடிபி, ஏசிடிபி: பெட்டி நல்லது, உள்ளே சிலது மாற்றணும்

மொட்டைமாடி சோலாருக்கான பிஎம் சூர்யா கர் மானியம் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய், அதற்கு மேல் கிடையாது. அதனால் வீடுகளில் இந்த அளவுதான் அதிகம் ஏறுகிறது. அதற்கென ஒரு ஸ்ட்ரிங்குக்கு (சீரிஸில் கோத்த ஒரு பேனல் வரிசை) வயரிங் செய்தே விற்கும் பாதுகாப்புப் பெட்டி ஜோடி இது: பேனலுக்கும் இன்வெர்ட்டருக்கும் நடுவே டிசிடிபி, இன்வெர்ட்டருக்குப் பின் ஏசிடிபி.

பெட்டியில் குறையில்லை. ஐபி65 (தூசி, தண்ணீர் புகாது), ரப்பர் பீடிங் நாலு பக்கமும் ஒட்டி உட்காருகிறது, கேபிள் நுழையும் கிளாண்டுகள் அடியில். டிசி எஸ்பிடி (மின்னல் சர்ஜை எர்த்துக்குத் திருப்பும் கருவி) டைப் 2, 600 வோல்ட். 540 வாட் பேனல் ஆறை சீரிஸில் போட்டால் ஓபன் சர்க்யூட்டில் (லோடு இல்லாதபோது) 300 வோல்ட்டை ஒட்டி வரும், தாராளம்.

ஃபியூஸ்தான் பழைய கணக்கு. பேனலின் ஷார்ட் சர்க்யூட் கரன்ட்டைப் போல ஒன்றரை மடங்காவது ஃபியூஸ் இருக்கணும். 330 வாட் பேனலின் ஷார்ட் சர்க்யூட் கரன்ட் 9 ஆம்பியர் சொச்சம். ஒன்றரை மடங்குக்கு 15 சரி. 540 வாட் பேனலில் அதுவே 13.8 வரை. ஒன்றரை மடங்கு 20.7, ஆக ஜிபிவி வகை (சோலாருக்கென்றே உள்ள ஃபியூஸ்) 25 ஆம்பியர் வேண்டும். பெட்டி செய்பவர்கள் இன்னும் 15-தான் போட்டு அனுப்புகிறார்கள். மொட்டைமாடிச் சூட்டில் அது நாளெல்லாம் கொதித்து, கிளிப் கறுத்து, ஒரு மதியம் போய்விடும். மாற்றும் முன் பேனல் ஸ்டிக்கரில் சீரிஸ் ஃபியூஸ் 25 உண்டா, ஹோல்டர் 32 தாங்குமா என்று பாருங்கள். (ஒரே ஸ்ட்ரிங்குக்கு ஃபியூஸ் காப்பாற்றுவது சொற்பம். பேனலே அதற்கு மேல் கரன்ட் தராதே!)

ஏசி பக்கம் 16 ஆம்பியர் எம்சிபி. இன்வெர்ட்டர் தருவது 13 ஆம்பியர்தான், ஆனால் எம்சிபியின் அளவு 30 டிகிரிக்குச் சொன்னது. வெயில் படும் சுவரில் மதியம் டிரிப் ஆகும். 4 சதுர மில்லிமீட்டர் காப்பர் கேபிளோடு 20 ஆம்பியர், 2 போல் போடுங்கள்.

எஸ்பிடியின் எர்த் வயரை முக்கால் மீட்டர் விட்டுச் சுருட்டி டேக் கட்டியிருக்கிறார்கள். மின்னல் சர்ஜுக்கு அந்தச் சுருளே தடை. அரை மீட்டருக்குள் வெட்டி நேராக விடணும்.

டிசி எம்சிபி போலாரிட்டி பார்ப்பது. பிளஸ் மைனஸ் மாறினால் உள்ளே காந்தம் ஆர்க்கை அணைக்கும் தட்டுகளுக்குத் தள்ளாமல் எதிர்ப்பக்கம் தள்ளும். ஏசி போல டிசி பூஜ்யத்தைத் தொட்டு வராது. ஆர்க் நின்று எரியும். எம்சி4 (பேனல் கேபிளின் கனெக்டர்) செருகும் முன் மீட்டரின் சிவப்பு முனையைப் பிளஸ்ஸில் வையுங்கள், மைனஸ் குறி வரக் கூடாது.

லோடில் ஃபியூஸ் ஹோல்டரைத் திறக்காதே என்ற ஸ்டிக்கர் இல்லை, நாமே ஒட்டணும்: முதலில் ஏசி எம்சிபி, பிறகு டிசி எம்சிபி, கடைசியில்தான் ஃபியூஸ்.