வெப்சைட் பார்க்க வந்த தம்பி முதலில் கேட்டது கொப்பியை

மட்டக்களப்புக் கல்லடியில் கடற்கரைப் பக்கமாக மூன்று அறை வைத்து வாடகைக்கு விடுகிறேன். 2016இல் ஒருவரைப் பிடித்து வெப்சைட் ஒன்று செய்வித்தேன். எட்டு வருஷம் கழித்து அதைப் பார்த்துத் திருத்தித் தந்த தம்பியின் வேலையைப் பற்றித்தான் இது. மட்டக்களப்பு டவுனில் ஒரு போட்டோகொப்பிக் கடையின் மேல்மாடியில் இருந்து வேலை செய்கிறார். பெயரைப் போட வேண்டாம், இருக்கிற வேலையே முடியுதில்லை என்று அவரே சொல்லிவிட்டார்.

அவரைக் கூப்பிட வைத்தது குருநாகலில் இருந்து வந்த ஒரு குடும்பம். இரவு ஒன்பது மணிக்கு இரண்டு சின்னப் பிள்ளைகளோடு கல்லடிப் பாலத்துக்கு அந்தப் பக்கம், டவுனுக்குள், யாரோ ஒருவரின் கேற்றைத் தட்டிக்கொண்டு நின்றார்கள். என் வெப்சைட்டில் இருந்த மேப் அந்த வீட்டைத்தான் காட்டியது. அந்த வீட்டுக்கார ஐயா போனில் எனக்கு ஏசினார். "இது மூணாவது தரம் புள்ள" என்றார். முதல் இரண்டு தரமும் வந்தவர்கள் எங்கே போய்ப் படுத்தார்களோ.

தம்பி வந்தவுடன் கம்ப்யூட்டரைத் திறப்பார் என்று நினைத்தேன். "அக்கா, போன் எடுக்கிற ஆக்கள் என்ன கேக்காங்க எண்டு எழுதி வெச்சிரிக்கீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். ஒரு சீஆர் கொப்பி (தடித்த மட்டை போட்ட நோட்டுப் புத்தகம்) வாங்கி போனுக்குப் பக்கத்தில் வைக்கச் சொல்லிவிட்டு, ஒரு கிழமைக்குப் பிறகு வருகிறேன் என்று போய்விட்டார். அப்போது எனக்குக் கொஞ்சம் கோபம்தான். பார்க்க மட்டும் பன்னிரண்டாயிரம் பேசியிருந்தோம்.

ஒரு கிழமையில் 46 அழைப்பு. மறுகா வந்து சிவப்புப் பேனையால் வட்டம் போட்டார். வெப்சைட்டில் இருந்திருந்தால் போன் எடுக்கவே தேவையில்லாத கேள்விகள் 31. ஏசி இருக்கா, ஸ்டேஷனில் இருந்து ஓட்டோவுக்கு எவ்வளவு, முன்னால் இருக்கிற கடலில் குளிக்கலாமா. (கல்லடிக் கடல் இழுக்கும். குளிப்பென்றால் வடக்கே ஏறத்தாழ 35 கிலோமீற்றர் போய்ப் பாசிக்குடாவில்தான். இதை நான் எத்தனை நூறு தரம் போனில் சொல்லியிருப்பேன்!) விலை மட்டும் வெப்சைட்டில் இருந்தது: 2,500 ரூபாய். 2022க்குப் பிறகு அந்த விலைக்கு மின்சாரக் கட்டணமே கட்ட ஒண்ணா. அதைப் பார்த்துவிட்டு எடுத்தவர்கள் எல்லாரும் என்னோடு சண்டை.

அதற்குப் பிறகுதான் வெப்சைட்டுக்கு வந்தார். வீட்டு வைஃபையை நிற்பாட்டிவிட்டு, தன் போனின் டேட்டாவில், கேற்றடியில் நின்று திறந்தார். முதல் படம் வர 11 செக்கன். முக்கியமான படம் இரண்டரைச் செக்கனுக்குள் வந்தால்தான் கூகிள் அதை நல்லது என்று கணக்கெடுக்குமாம். என்னுடைய படங்கள் கமெராவில் எடுத்தபடியே, ஒவ்வொன்றும் ஐந்தாறு எம்பி. மேலே முகவரிக்குப் பக்கத்தில் 'பாதுகாப்பானதல்ல' என்று ஒரு குறிப்பு. முகவரி https என்று தொடங்காத வெப்சைட் எல்லாவற்றுக்கும் 2018 ஜூலையில் இருந்து குரோம் அப்படிப் போடுகிறது. நான் அதை ஒருநாளும் கவனித்ததில்லை.

எனக்கு அதிகம் வலித்தது தமிழ்ப் பக்கம். அது பாமினி என்ற பழைய ஃபொண்டில் அடித்தது. என் வீட்டுக் கம்ப்யூட்டரில் பாமினி இருக்கிறபடியால் அழகாகத் தெரியும். மற்றவர்களின் போனில் அது வெறும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும். கூகிளில் யாராவது தமிழில் தேடினாலும் அகப்படாது. எட்டு வருஷமாக அந்தப் பக்கத்தை வாசித்த ஒரே ஆள் நான்தான்.

'எங்களுக்கு எழுதுங்கள்' என்ற பெட்டிக்குள் போட்டதெல்லாம் நான் மறந்துபோன ஒரு மின்னஞ்சலுக்குப் போயிருந்தது. 37 கடிதம். ஒன்று ரொறன்ரோவில் இருந்து 2023இல் வந்தது: அம்மாவின் 31ஆம் நாள் காரியத்துக்கு வருகிறோம், மூன்று அறையும் வேண்டும். அவருக்குப் பிந்தி மன்னிப்புக் கேட்டு எழுதினேன். பதில் வரவில்லை, வரவும் தேவையில்லை.

'பாடும் மீனை ஒவ்வொரு இரவும் கேட்கலாம்' என்ற வரியைக் காட்டி, "உண்மையா அக்கா?" என்றார். பறுவத்தை, அதாவது பௌர்ணமியை ஒட்டி, காற்று விழுந்த இரவில், வாவிக்குள் தோணியில் போய் துடுப்பைத் தண்ணிக்குள் விட்டுக் காதை வைத்தால் கேட்கும் என்பார்கள். நான் இங்கேயே பிறந்தவள். இரண்டு தரம் கேட்டிருக்கிறேன். வரியை எடுத்துவிட்டோம்.

இந்தக் கதையை மச்சாளிடம் சொன்னபோது, அவளுடைய சாறிக்கடைக்கு கூகிள் இலவசமாகக் கொடுத்திருந்த பக்கத்தைத் திறந்து பார்த்தாள். பக்கமே இல்லை. அந்த வசதியை அவர்கள் 2024 மார்ச்சில் நிறுத்திவிட்டார்கள். கடை அட்டையில் அந்த முகவரி இன்னும் இருக்கிறது.

குறை இல்லாமல் இல்லை. இரண்டு கிழமை என்றவர் ஐந்து கிழமை எடுத்தார். தமிழ்ப் பக்கத்தைத் தானே எழுதி, 'எமது விருந்தோம்பலின் உன்னதத்தை அனுபவியுங்கள்' என்று போட்டிருந்தார். அதை அழித்து, 'மூன்று அறை. இரண்டில் ஏசி. காலையில் இடியப்பமும் சொதியும்' என்று நான் எழுதினேன். வாட்ஸ்அப் பொத்தான் சின்னப் போன்களில் விலையை மறைத்தது, இரண்டு தரம் சொல்லித்தான் திருத்தினார். சிங்களப் பக்கத்துக்கு வேறாகக் காசு கேட்கிறார். என் ஆக்களில் அரைவாசிப் பேர் சிங்களம் பேசுகிறவர்கள், அதை முதலிலேயே கேட்டிருக்கலாம்.

ஆனால் ஒன்றுக்காக அவருக்கு நன்றி. வெப்சைட்டின் பெயர், டொமைன் என்கிறார்களே, அது பழைய ஆளின் பெயரில் பதிந்திருந்தது. அலைந்து திரிந்து அதை என் பெயருக்கு மாற்றித் தந்த பிறகுதான் மிச்சக் காசை வாங்கினார்.

கொப்பி இன்னும் போனடியில்தான் கிடக்கிறது. போன கிழமை 19 அழைப்பு. விலையை யாரும் கேட்கவில்லை. நாலு பேர் நாய் கடிக்குமா என்று கேட்டார்கள். புதிதாக எடுத்த படத்தில் எங்கள் மணி விறாந்தைக்குக் குறுக்கே படுத்திருக்கிறான். எழுதி வைத்திருக்கிறேன், தம்பி வந்தால் காட்ட.