ஸ்டூடண்ட் பிரின்ஸ்: வாய் பர்டமுடையது, மூச்சு லான்ஸாவுடையது

‘தி ஸ்டூடண்ட் பிரின்ஸ்’ (1954) டிவிடி வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு. கதை தெரிந்ததுதான்: ஹைடல்பர்கில் படிக்க வந்த இளவரசன், விடுதியில் பீர் பரிமாறும் கேத்தி, குறுக்கே அரியணை. மூலம் சிக்மண்ட் ராம்பெர்க்கின் 1924 ஆபரெட்டா, அதாவது பாட்டும் வசனமும் கலந்த மேடை நாடகம்.

எத்தனை முறை போட்டாலும் உறுத்துவது ஒன்றுதான். இளவரசனாக நடிக்கும் எட்மண்ட் பர்டம் பேசினால் மென்மையான பிரிட்டிஷ் குரல். பாட வாய் திறந்தால் அமெரிக்கப் பாடகர் மரியோ லான்ஸா. லான்ஸாதான் நாயகன் என்று 1952இல் பாட்டுகளைப் பதிவு செய்தார்கள். அவர் படத்திலிருந்து விலகி, வழக்காகி, கடைசியில் படத்தை எடுத்த எம்ஜிஎம் நிறுவனத்துக்கு மிஞ்சியது குரல் மட்டும்.

பின்னணிப் பாட்டிலேயே வளர்ந்த நமக்கு இது ஏன் உறுத்த வேண்டும்? டி.எம்.எஸ். யார் வாய்க்குப் பாடுகிறோம் என்று தெரிந்து குரலை மாற்றிக்கொண்டார். லான்ஸா பாடியது தன் வாய்க்கே. உதடு பிசகவில்லை, அதில் பர்டம் கெட்டி. பிசகுவது மூச்சு. ‘செரனேட்’ பாட்டில் மேல் ஸ்தாயிக்கு ஏற லான்ஸா நெஞ்சு நிறையக் காற்று எடுத்திருப்பார். திரையில் சட்டைப் பொத்தான்கூட அசையவில்லை. தாத்தா அரசரின் சவப்பெட்டி அருகே வரும் ‘ஐ’ல் வாக் வித் காட்’ மட்டும் விதிவிலக்கு. அசைவே தேவைப்படாத காட்சி. அது ராம்பெர்க் பாட்டும் அல்ல, நிக்கோலஸ் பிராட்ஸ்கி படத்துக்காகச் சேர்த்தது.

படம் சினிமாஸ்கோப், 2.55:1; அகலம் உயரத்தைப் போல 2.55 மடங்கு. 43 அங்குல டிவியில் திரை உயரம் 53 செ.மீ. என்றால் படத்துக்குக் கிடைப்பது 37 செ.மீ.தான். மேலும் கீழும் கறுப்பு. பொறுக்காமல் ஜூம் போட்டால் ஓரத்தில் நிற்கும் மாணவர் கூட்டம் போய்விடும். அந்தக் கூட்டம்தான் குடிப்பாட்டின் உயிர், போடாதீர்கள்.

ஓடும் நேரத்தையும் பாருங்கள். 107 நிமிடம் இருக்க வேண்டும். 103 என்று காட்டினால் அது ‘பால்’ (PAL) என்ற தொலைக்காட்சி முறை; நொடிக்கு 24 ஃப்ரேம் படம் 25ஆக ஓடுகிறது. ஸ்ருதியைத் திருத்தாத வட்டென்றால் அரைக்கட்டைக்குச் சற்றுக் குறைவாக ஏறிவிடும். லான்ஸாவின் கனம் போய், குரல் மெலிந்து கேட்கும். கணினியில் விஎல்சி பிளேயர் இருந்தால் வேகத்தை 0.96 வையுங்கள். அதற்கு முன் ஆடியோ அமைப்பில் ‘டைம் ஸ்ட்ரெட்ச்சிங்’ டிக்கை எடுத்துவிடுங்கள். எடுக்காவிட்டால் வேகம் குறையும், ஸ்ருதி இறங்காது.

பாட்டு ஒவ்வொன்றும் பொன். எட்மண்ட் க்வென்னின் வாத்தியார் வேடத்துக்கே ஒரு முறை பார்க்கலாம். இருந்தும் பாதி விலைக்குக் கிடைத்தாலும் வாங்குங்கள் என்று சொல்ல மனம் வரவில்லை. கண்ணை மூடிக் கேட்க வேண்டிய படத்துக்கு வட்டு எதற்கு? ஆர்சிஏ நிறுவனம் லான்ஸா குரலில் வெளியிட்ட 1954 இசைத்தட்டு போதும். 1959இல் ரோமில் லான்ஸா மறுபடி பாடிய ஸ்டீரியோ பதிவும் உண்டு, குரல் அதில் இன்னும் கனம்.

ஆனால் இரண்டிலும் கேத்தியாக நடித்த ஆன் பிளைத் இல்லை. அவர் சொந்தக் குரலில் பாடியதைக் கேட்க இந்தப் பாழாய்ப்போன படத்தைத்தான் போட வேண்டியிருக்கிறது.