வால்நட்சத்திரம் பார்க்க 10×50 பைனாகுலர்: ஒரு டெல்டாக்காரனின் விமர்சனம்

பிராண்டு பெயர் போடவில்லை. ஆறாயிரம், ஏழாயிரம் ரூபாய்க்குள் வருகிற 10×50 பைனாகுலர்களில் எதை எடுத்தாலும் பெரிய வித்தியாசம் கிடையாது, அதனால் இது அந்த வகை முழுவதுக்குமான விமர்சனம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். 10 என்பது பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, 50 என்பது முன் லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். வாங்குகிறவர்கள் எல்லோரும் முதல் எண்ணைத்தான் கேட்கிறார்கள், ராத்திரி வானத்துக்கு வேலை செய்வது இரண்டாவது எண். திருவிழாக் கடைகளில் 'நைட் விஷன்' என்று அச்சடித்த பெட்டியில், லென்ஸ் செக்கச்செவேலென்று பளபளக்க ஒன்று தொங்கும் பாருங்கள், அதைத் தொடவே தொடாதீர்கள். அந்தச் சிவப்புப் பூச்சு வருகிற வெளிச்சத்தில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். வால்நட்சத்திரத்திலிருந்து வருவதே கொஞ்சூண்டு வெளிச்சம்.

டெலஸ்கோப் வாங்கலாமே என்று கேட்பவர்களுக்கு: வால்நட்சத்திரத்துக்கு முதல் தேவை அகலம். என்னுடையதில் ஒரே பார்வையில் ஆறரை பாகை வானம் தெரிகிறது, அதாவது பதின்மூன்று முழு நிலவுகளை வரிசையாக நிறுத்தலாம். தலையும் வாலும் சேர்ந்து உள்ளே உட்காரும். சாதாரண டெலஸ்கோப்பில் தலையை மட்டும் பார்த்துவிட்டு வாலைத் தேடி அலைய வேண்டும், அதற்குள் கிழக்கு வெளுத்துவிடும். இருபது, முப்பது மடங்கு ஜூம் பைனாகுலர்களிலும் இதே கதைதான், கூடவே கை நடுக்கமும் அத்தனை மடங்கு பெரிதாகும்.

நான் வாங்கியது 2024 செப்டம்பரில், சுசின்ஷான்-அட்லஸ் என்ற வால்நட்சத்திரம் வருகிறது என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்தபோது. சீனாவின் பர்ப்பிள் மவுன்டன் வானாய்வகமும் தென்னாப்பிரிக்காவில் இருக்கும் அட்லஸ் தொலைநோக்கியும் 2023 தொடக்கத்தில் கண்டுபிடித்தது அது. செப்டம்பர் 27-ல் சூரியனுக்கு மிக அருகே போய், அந்த வாரம் முழுக்க விடியலுக்கு முன் கிழக்கில் தாழ்வாகத் தெரிந்தது. நம் பக்கத்துக்கு இது ஒரு வசதி: கிழக்கே கடல், மறைக்க மலையும் இல்லை மரமும் இல்லை. மகாளய அமாவாசை அன்று வேதாரண்யம் கடற்கரையில் தர்ப்பணத்துக்கு வந்த கூட்டத்துக்கு நடுவே நின்று பார்த்தேன். ஐந்து மணி சுமாருக்கு, கையை நீட்டி மூடிய முஷ்டியைக் கடல் விளிம்பில் வைத்தால் அந்த உயரம்கூட இல்லை, அங்கே மேல்நோக்கி ஒரு கீற்று. பக்கத்தில் நின்ற பெரியவர் வாங்கிப் பார்த்துவிட்டு, "வால் முளைச்ச வெள்ளி வந்தா ராஜாவுக்கு ஆகாதும்பாங்க தம்பி, இப்ப ராஜாவுக்கு எங்க போறது" என்று திருப்பிக் கொடுத்தார். அப்புறம் ஐயர் கூப்பிடும்வரை அவருடைய குடும்பம் மொத்தமும் வரிசையில் நின்றது. கண்ணாடி போட்டவர்கள் மட்டும் கொஞ்சம் திணறினார்கள், ரப்பர் விளிம்பை மடித்துவிட்ட பிறகு சரியாகிவிட்டது.

அக்டோபர் 12-ல் அது பூமியிலிருந்து சுமார் ஏழு கோடி கிலோமீட்டர் தூரத்தில், தன் மிக நெருங்கிய நிலையில் இருந்தது, அப்புறம் மாலை வானத்துக்கு மாறியது. மாறிய கையோடு வடகிழக்குப் பருவமழையும் இறங்கிவிட்டது. இதற்குப் பைனாகுலரைக் குறை சொல்ல முடியாது. சம்பாவுக்கு மழை வேண்டாம் என்று இந்த ஊரில் யார் சொல்வது?

அடுத்த வருடம் லெம்மன் என்று இன்னொரு வால்நட்சத்திரம். அதுவும் அக்டோபர், அதுவும் தீபாவளி வாரம், மழையோடு வெடிப்புகை வேறு. மழை விட்ட ஒரு மாலையில், இருட்டிய கொஞ்ச நேரத்தில், மேற்கே சுவாதி நட்சத்திரத்துக்கு மேலே துழாவிக் கண்டுபிடித்தேன். வெறும் கண்ணுக்கு ஒன்றுமே இல்லை. பைனாகுலரில் துடைத்தும் போகாத கறை மாதிரி ஒரு சாம்பல் புள்ளி, ஒரு பக்கம் லேசாக இழுபட்டு. படங்களில் வருகிற பச்சையை எதிர்பார்த்து வாங்காதீர்கள். அந்தப் பச்சை உண்மைதான், தலையில் இருக்கும் இரட்டைக் கார்பன் மூலக்கூறுகள் வெயில் பட்டு ஒளிர்வதால் வருவது, ஆனால் இத்தனை மங்கலில் நம் கண்ணுக்கு நிறம் எட்டாது. நேராக முறைக்காமல் கொஞ்சம் பக்கவாட்டில் பார்த்தால் வால் கூடுதலாகத் தெரியும். முதலில் ஏதாவது ஒரு பிரகாசமான நட்சத்திரத்தை ஊசிமுனையாக ஃபோகஸ் செய்துவிட்டு, அந்தத் திருகைத் தொடாமல் தேடுங்கள். எல்லாம் புள்ளியாக இருக்க ஒன்று மட்டும் புகையாக நின்றால் அதுதான். சூரியன் முழுதாக மறைவதற்கு முன்போ, உதிக்கப்போகிற நேரத்திலோ அந்தப் பக்கம் இதைத் திருப்பவே கூடாது, கண் போய்விடும்.

குறைகளுக்கு வருகிறேன். எடை கிட்டத்தட்ட 850 கிராம், இரண்டு நிமிடத்தில் கை ஆட ஆரம்பிக்கும். வாய்க்கால் மதகுச் சுவரில் முழங்கையை ஊன்றிக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீரும், ஆனால் மதகு எப்போதும் வேண்டிய திசையில் இருப்பதில்லை. முன்பக்கம் நடுவில் ஒரு மூடி இருக்கும், அதைக் கழற்றி எல் வடிவ அடாப்டர் மாட்டினால் ட்ரைபாடில் நிற்கும். அடாப்டரைப் பெட்டியில் தரமாட்டார்கள், தனியாக வாங்க வேண்டும். கூட வருகிற கழுத்துப்பட்டை நூல் மாதிரி கழுத்தை அறுக்கிறது. லென்ஸ் மூடிகள் தானாகவே கழன்று விழுகின்றன, என்னுடையதில் ஒன்று ஏதோ ஒரு நாற்றங்காலில் கிடக்கும்.

எல்லாவற்றையும்விட நம் ஊருக்குப் பெரிய எதிரி ஈரம். நீர் கட்டிய வயல் பக்கம் ராத்திரியில் நின்றால் லென்ஸ் வேர்க்கும், மார்கழிப் பனியில் கேட்கவே வேண்டாம். அப்படியே உறையில் போட்டு பீரோவில் வைத்தால் உள்ளே பூஞ்சை நூல் விட்டுவிடும், அதை எடுப்பதற்கு ஆகும் செலவில் பாதி பைனாகுலர் வாங்கலாம். நான் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைக்கிறேன், இதுவரை பழுதில்லை.

ஆன்லைனைவிடக் கடையில் நேரில் வாங்குவது நல்லது. வாசலுக்குக் கொண்டுவந்து தூரத்துக் கோபுரக் கலசத்தை இரண்டு கண்ணாலும் பாருங்கள். கலசம் இரண்டாகப் பிரிந்து தெரிந்தாலோ, கண்ணை இழுத்துப் பிடிக்கிற மாதிரி இருந்தாலோ உள்ளே பிரிஸம் நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம், வேறு பீஸ் கேளுங்கள். அப்புறம் கையை நீட்டித் தள்ளிப் பிடித்து, கண் வைக்கும் பக்கத்தில் தெரிகிற வெளிச்ச வட்டத்தைப் பாருங்கள். முழு வட்டமாக இருந்தால் உள்ளே இருக்கும் பிரிஸம் பேக்-4 என்ற நல்ல ரகக் கண்ணாடியாக இருக்க வாய்ப்பு அதிகம், ஓரங்கள் வெட்டுப்பட்டுச் சதுரமாகத் தெரிந்தால் பிகே-7 என்ற மலிவு ரகம், அதற்கு ஆயிரம் ரூபாயாவது குறைத்துக் கேளுங்கள்.