சென்னை சொத்து வரி இணையச் சேவை: கட்டுவது சுலபம், எண்தான் பாடு

பணம் கட்டும் பகுதியில் பெரிதாகக் குறை சொல்ல ஒன்றுமில்லை. மாநகராட்சி இணையதளத்தில் பில் எண்ணைப் போட்டால் பாக்கி தெரிகிறது. கார்டு, நெட் பேங்கிங், யூபிஐ எதில் வேண்டுமானாலும் கட்டிவிட்டு ரசீதை இறக்கிக்கொள்ளலாம். ஆள் திணறுவது அதற்கு முந்தைய படியில்.

பில் எண் நான்கு துண்டுகளாக இருக்கும்: மண்டலம், கோட்டம் (அதாவது வார்டு), பில் எண், துணை எண். வீட்டில் பத்திரமாக வைத்திருக்கும் பழைய ரசீதைப் பார்த்து அடித்தால் பல நேரம் உங்கள் வீடு வராது. காரணம் 2011. அந்த ஆண்டு 9 நகராட்சிகள், 8 பேரூராட்சிகள், 25 ஊராட்சிகள் என 42 உள்ளாட்சிகள் சென்னையோடு சேர்ந்தன. சுமார் 175 சதுர கி.மீ. இருந்த நகரம் 426 ஆனது. 155 வார்டு 200 ஆயிற்று, 10 மண்டலம் 15 ஆயிற்று. வடக்கே திருவொற்றியூரிலிருந்து புதிதாக எண்ணத் தொடங்கியதால் உள்நகர மண்டலங்களின் எண்களும் நகர்ந்தன. கோடம்பாக்கம் அன்று 8, பிறகு 10. அதனால் 2011க்குப் பிந்தைய ரசீதையே பாருங்கள். பக்கத்து வீட்டு ரசீது கிடைத்தால் முதல் இரண்டு துண்டுகளையாவது சரிபார்த்துக்கொள்ளலாம்.

முகவரியில் ‘சென்னை’ இருப்பதை மட்டும் நம்பி இந்தத் தளத்துக்கு வந்தும் பயனில்லை. குரோம்பேட்டைக்குப் பின்கோடு 600044தான். ஆனால் அது 2021இல் உருவான தாம்பரம் மாநகராட்சியைச் சேர்ந்தது. ஆவடி 2019 முதல் தனி மாநகராட்சி. இவர்கள் கட்ட வேண்டியது மற்ற நகர உள்ளாட்சிகளுக்கான தமிழக அரசின் பொதுத் தளத்தில்.

வரி அரையாண்டுக் கணக்கு: ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒன்று, அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னொன்று. ஏப்ரல் 30, அக்டோபர் 31 தேதிகளுக்குள் கட்டினால் 5% ஊக்கத்தொகை உண்டு, உச்சவரம்பு ரூ.5,000. தவறவிட்டால் சலுகை போவதோடு நிற்காது. தாமதத்துக்கு மாதம் 1% தனிவட்டியும் ஏறும். கடைசி நாள் ராத்திரி வரை காத்திருக்காதீர்கள். வங்கியில் பணம் பிடித்து ரசீது வராமல் போனால், உடனே இரண்டாம் முறை கட்டாமல் முதல் பரிவர்த்தனையின் நிலையைப் பார்க்க வேண்டும். அதற்குக் கையில் நாலு நாளாவது மிச்சம் இருக்க வேண்டும்.

தளத்தில் உள்ள வரிக் கணக்கிடும் கருவி பாராட்டத்தக்கது. தெரு, பரப்பளவு, குடியிருப்பா கடையா, சொந்த உபயோகமா வாடகையா என்பதைக் கொடுத்தால் தோராயத் தொகை கிடைக்கும். பில் தொகை இதிலிருந்து வெகுவாக விலகினால் முதலில் பரப்பளவையும் பயன்பாட்டு வகையையும் ஒப்பிடுங்கள். ஆனால் ஒரே அளவுள்ள இரண்டு வீடுகளுக்கு ஏன் வேறு வேறு வரி என்று கேட்டால் கருவி விளக்காது. தெருவுக்குத் தெரு அடிப்படை விகிதம் மாறும் என்பது பாதிக் காரணம். மீதி 2022 உயர்வு: 600 சதுர அடிக்குட்பட்ட குடியிருப்புக்குப் பழைய நகரத்தில் 50%, 2011இல் சேர்ந்த பகுதியில் 25%. 1,800 சதுர அடிக்கு மேல் போனால் 150%, 100%. பில்லிலேயே இதை இரண்டு வரியில் அச்சிட்டால் பாதிப் புகார் குறையும்.

குடிநீர், கழிவுநீர் வரி இதில் அடங்காது. அதைக் குடிநீர் வாரியத்துக்குத் தனியாகக் கட்ட வேண்டும். வீடு வாங்கியவர்கள் பெயர் மாற்றத்தையும் தள்ளிப்போடக் கூடாது. பழைய உரிமையாளர் பெயரிலேயே வரியைக் கட்டிக்கொண்டிருக்க முடியும் என்பதால்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். பத்திர நகல், கடைசி வரி ரசீது, வில்லங்கச் சான்று மூன்றையும் ஸ்கேன் செய்து தயாராக வைத்துக்கொண்டு விண்ணப்பியுங்கள். பெயர் மாறிய பிறகும் வரி ரசீது உரிமைப் பத்திரம் ஆகிவிடாது.

புகாருக்கு 1913 என்ற எண். மாநகராட்சியின் தலைமையகமான ரிப்பன் மாளிகை கட்டி முடிந்ததும் 1913இல்தான், எண் மறக்காது. அழைக்கும்போது நான்கு துண்டு பில் எண்ணையும் பரிவர்த்தனை எண்ணையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.