கனத்த ஈயத்துக்கு எந்தத் தக்கை? இரணைமடுவில் மூன்று வருடப் பழக்கம்

சோளகக் காற்று அடிக்கும் மாதங்களில் கிளிநொச்சி இரணைமடுக் குளக்கட்டில் மீன்பிடிக்க நின்று, ஒரு கிராம் ஈயம் தாங்கும் தூண்டில் தக்கையை எறிந்து பாருங்கள். போட்ட இடத்தில் நிற்காது. தங்கூசி (தூண்டில் நைலோன் நூல்) வளைந்து, இரையும் இழுபட்டுக் கரைக்கே வந்து சேரும். அதனால்தான் நாலு, ஐந்து கிராம் ஈயத்துக்கு மாறினேன்.

முதலில் வாங்கியது சிவப்பும் வெள்ளையுமான உருண்டைப் பிளாஸ்ரிக் தக்கை. தூரம் போனது, காற்றுக்கும் ஓரளவு நின்றது. ஆனால் திலாப்பியா கொத்துவதே தெரியவில்லை. தூக்கிப் பார்த்தால் புழு இல்லாத வெறும் தூண்டில். பக்கத்தில் நின்ற பெரியப்பா ஒருநாள் சிரித்தார்: "தம்பி, உது மீனைக் காட்டாது, காத்தைத்தான் காட்டும்."

அதன் கணக்கு பிறகுதான் பிடிபட்டது. தக்கை ஒரு சென்ரிமீற்றர் தாழ வேண்டுமென்றால், அந்தத் துண்டு விலக்கும் தண்ணீரின் எடையளவுக்கு மீன் இழுக்க வேண்டும். நுனி 5 மில்லிமீற்றர் தடிப்பென்றால் அது ஏறத்தாழ 0.2 கிராம், 2 மில்லிமீற்றர் என்றால் 0.03 கிராம்தான். உருண்டைத் தக்கையிலோ வயிறே தண்ணீருக்கு மேலே நிற்கிறது! கனத்தைத் தாங்குவது உடம்பு, கொத்தைக் காட்டுவது நுனி. உடம்பு முழுக்கத் தாழும்வரை ஈயம் போடாவிட்டால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கியும் பயனில்லை.

அடுத்து வாங்கியது நீள உடம்பும் மெல்லிய பைபர் நுனியுமுள்ள பல்சா மரத் தக்கை. 5 கிராம் ஈயம் தாங்கும் என்று அச்சடித்திருந்தது. வாளித் தண்ணீரில் விட்டுப் பார்த்தால் நாலு கிராமிலேயே நுனி மட்டும்தான் மிச்சம். இப்போது எதை வாங்கினாலும் முதலில் வாளிதான். ஈயத்தில் பெரும் பங்கைத் தூண்டிலுக்கு ஒன்றரை அடி மேலே தங்கூசியில் சேர்த்துக் கடித்து இறுக்கிவிடுவேன். ஒரு சிறு குண்டு மட்டும் அரைச் சாண் மேலே. திலாப்பியா இரையோடு மேலே எழும்பினால் அந்தக் குண்டின் பாரம் குறைந்து நுனி உயரும். தாழ்வதற்காகக் காத்திருந்து நான் விட்ட மீன்கள் எத்தனையோ!

பல்சாவின் குறை வாங்கி எட்டு மாதத்தில் தெரிந்தது. தக்கையைத் தங்கூசியோடு பிடிக்கும் ரப்பர் வளையம் உரசிய இடத்தில் வார்னிஷ் வெடித்து, மரம் தண்ணீர் குடித்து, நுனி தானாகவே தாழ ஆரம்பித்தது. காயவைத்து நகப்பூச்சு இரண்டு தரம் பூசினேன். அதன்பின் பிரச்சினை இல்லை.

அப்புறம் மயிலிறகுத் தண்டு. வயல் ஓரத்தில் உதிர்ந்து கிடப்பதுதான், காசில்லை. ஒரு சாண் துண்டு தனியே ஐந்து கிராமைத் தாங்காது. அடிப்பாதியில் இன்னும் இரண்டு துண்டு சேர்த்து நூலால் இறுக்கிச் சுற்றி, வெட்டிய முனைகளைப் பசையால் அடைத்தேன். கூரிய முனை மேலே. உணர்வில் பல்சாவுக்குக் குறைவில்லை.

மெல்லிய நுனிக்கும் ஒரு வில்லங்கம் உண்டு. அலை எழும்பினால் 2 மில்லிமீற்றர் மறைந்துவிடும், மைம்மல் இருட்டில் கண்ணுக்கே தெரியாது. அந்த நாட்களுக்கு 3 மில்லிமீற்றர் நுனி வைத்திருக்கிறேன். விராலுக்கு இந்த நுணுக்கமெல்லாம் வேண்டாம், அது விழுங்கிக்கொண்டே ஓடும்.

முதல் பல்சாத் தக்கை இப்போது என்னிடம் இல்லை. துருசடியில் (மதகடியில்), முதலை படுக்கிற பக்கமாகச் சிக்கி நிற்கிறது. எடுக்கப் போகவில்லை.